பச்சை டிரம்

ஆய்வு அதிகாரியின் கார் எந்த நேரமும் வந்துவிடும். தேய்ந்த பேரிங்குகள் நிரம்பிய டிரம் மட்டும் பட்டறையின் நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஃபோர்மேனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

பழைய மோட்டார்களையும் கம்ப்ரசர்களையும் பழுதுபார்த்துப் புதுசு மாதிரி ஆக்கித் தரும் பட்டறை அது. இங்கே எதுவும் குப்பைக்குப் போவதில்லை என்று முதலாளியம்மா வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அதற்குச் சான்றிதழ் கிடைத்தால்தான் பெரிய ஆலை ஒன்று வேலை கொடுக்கும். கிடைக்காவிட்டால் முதலில் வீட்டுக்குப் போவது ஃபோர்மேன்தான் என்று நேற்றே சொல்லிவிட்டார்.

அந்தம்மாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மற்ற ஆலைகள் தூக்கியெறியும் பாகங்களை விலைக்கு வாங்கி, மறுபடி பயன்படுத்தச் சொல்லி ஃபோர்மேனிடம் அனுப்புவார். ஒன்றும் உருப்படியாக இருக்காது. “எந்த மடையன் பேரிங்க இப்படிப் பாழாக்கறான்?” என்று முகம் தெரியாத யாரோ ஒருவனை ஃபோர்மேன் வாய் வலிக்க வைவார். பிறகு எல்லாவற்றையும் பின்வாசல் வழியாக ஓசைப்படாமல் கழித்துக்கட்டிவிடுவார். இந்த முறை அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

டிரம்மைப் பெயின்ட் அறைக்குள் உருட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், அதுவும் வேலைக்கு வந்த உருப்படிதான் என்று நினைத்து பெயின்டர் பளீரென்று பச்சை அடித்து முடித்திருந்தார். இப்போது அது தெருக்கோடியிலிருந்தே கண்ணைப் பறித்தது.

ஓர் ஆட்டோவில் ஏற்றி, அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். போன சுருக்கில், ஹாரன் அடித்துக்கொண்டு அதே ஆட்டோ முன்வாசலில் வந்து நின்றது. கூடவே மனைவியின் போன்.

“தாலி கட்டின பழைய இரும்பு ஒண்ணு ஏற்கெனவே வீட்டுல இருக்கு. அது போதும் எனக்கு.”

ஃபோர்மேனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஈரப் பெயின்ட் சட்டையெல்லாம் அப்ப, டிரம்மைக் கட்டிப்பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்தார். நல்லவேளையாக, வழக்கமாக வரும் பழைய இரும்புக்காரர் வேனோடு அங்கே நின்றிருந்தார். காசே வேண்டாம், கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோனால் போதும் என்று கெஞ்சி ஏற்றிவிட்டார். வேன் திரும்பியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அதற்குள் அதிகாரியம்மா வந்து, மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டிருந்தார். ஒரு குறையும் தென்படவில்லை.

“ஒரு போல்ட்கூட வெளிய போகாது மேடம்,” என்றார் முதலாளியம்மா. “மத்தவங்க எறியறதையும் நாங்கதான் வாங்கிக் காப்பாத்துறோம்.”

அதைக் கொண்டுவந்து தருகிறவரைப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. முதலாளியம்மா உற்சாகமாகப் போன் போட்டார். பக்கத்தில்தான் இருக்கிறாராம், இதோ வருகிறாராம்.

முன்வாசலில் ஒரு வேன் நுழைந்தது. அதன் மேல் பச்சை டிரம். இறங்கினவர் பழைய இரும்புக்காரர். ஃபோர்மேன் மெல்ல முதலாளியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அதிகாரி டிரம்மைப் பார்த்தார். ஃபோர்மேனின் சட்டையைப் பார்த்தார். பிறகு, இங்கிருந்து எதுவும் வெளியே போவதில்லை என்கிறார்களே, உண்மையா என்று இரும்புக்காரரிடம் கேட்டார்.

“சத்தியமா உண்மை மேடம். பின்வாசல்ல இவர் குடுக்கறத, அப்படியே சுத்தி வந்து முன்வாசல்ல அம்மாகிட்ட வித்துடுவேன். இத்தனை வருஷத்துல ஒரு போல்ட்கூட நான் வெளிய விட்டதில்ல.”