ஆடிப் பதினெட்டில் நான் அமுக்கிய ‘யெஸ்’

ஒரு கம்ப்யூட்டர் நம்மைப் பார்த்து ‘யெஸ்ஸா, நோவா?’ என்று கேட்டால், ‘கொஞ்சம் யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்’ என்பதற்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த வருடம் தாயில்பட்டியில் ஒரு லோடு புஸ்வாணம் பெட்டிக்குள் அடங்காமல் உட்கார்ந்திருக்காது. என் மகளுக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்ற குடும்ப விஷயமும் சிவகாசிக்குத் தெரிந்திருக்காது.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கேஸை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். பார்த்துவிட்டு மறுபடி தெருமுனைக்குப் போனதும், மூடியிருந்ததை நாமே திறந்துவிட்டு வந்தோமோ என்று இன்னொரு தடவை வருவேன். (என் கணவர் எங்கே கிளம்பினாலும் பஸ் நேரத்தை எனக்குக் கால் மணி நேரம் முன்னதாகத்தான் சொல்வார்.) இப்படிப்பட்டவளிடம் ஒரு கம்பெனியின் மொத்த ஃபைல்களையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாகக் காப்பி எடுத்து வைப்பாள். நானும் எடுத்து வைத்தேன். எங்கே வைத்தேன் என்பதில்தான் கதையே இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது பட்டாசுப் பெட்டிகளுக்கு டை செய்யும் கம்பெனியில். அச்சடித்த அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டி எடுக்க, பிளேடு பதித்த பலகை ஒன்று வேண்டும். அதுதான் டை. பலகையில் பள்ளம் எடுப்பது மெஷின். எந்த வழியாகப் போய் எங்கே திரும்ப வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது கேம் (CAM; விளையாடுகிற கேம் இல்லை) சாஃப்ட்வேர். எங்களிடம் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. நான்கும் நெட்வொர்க் வழியாக ஒரே பொது ஃபோல்டரைத்தான் திறக்கும். அத்தனை பெட்டிகளின் படங்களும், எந்த அட்டைக்கு அதன் கனத்தைக் கணக்கிட்டு எவ்வளவு இடம் விட வேண்டும் என்கிற அளவுகளும் அதற்குள் இருந்தன. அந்த ஃபோல்டருக்கு நான்தான் காவல்.

அப்போது என் மகளுக்குப் பத்து மாதம். பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பியபோது இரண்டு வாக்குக் கொடுத்திருந்தேன். முதலாளி அண்ணாச்சியிடம், “பிள்ளையால வேலைக்கு ஒரு குறையும் வராது.” பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட மதினியிடம் (என் கணவரின் அக்கா), “வேலையால பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.” (இரண்டையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சொன்னேன்.) இரண்டில் எது தவறினாலும் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மதினி அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்: “நான் பாத்துக்கிடுதேன். ஆனா பிள்ளை ஏங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளே உன் வேலைய விட்டுறணும். பெறவு மொகத்தத் தூக்கக்கூடாது.”

ஆடி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேம் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் சிடி கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியது. அதை விற்ற பையன் போனில் பாடம் எடுத்தான்: “மேடம், நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே நாள்ல போட்டுடுங்க. ரெண்டு வெர்ஷன் ஒரே ஃபோல்டரைத் தொடவே கூடாது. அதுக்கு முன்னாடி ஃபோல்டருக்கு ஒரு காப்பி எடுத்துக்குங்க.”

இதை அண்ணாச்சியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் பஞ்சாங்கக் காலண்டரைப் பார்த்தார்.

“ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக்கூடாதேம்மா.”

“அப்ப ஆவணியில போட்டுக்கிடலாம், அண்ணாச்சி.”

“காசு குடுத்து வாங்கினத எதுக்குச் சும்மா வைக்க? பதினெட்டாம் பெருக்கு வருதுல்லா. அன்னிக்குத் தொடங்கினா எதுவும் பெருகும். நல்ல நேரம் ஒரு மணி நேரம் இருக்கு.”

“ஒரு மணி நேரத்துல ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் போட முடியும், அண்ணாச்சி.”

“ஒண்ணுக்குப் போடு. மத்த மூணுக்கும் ஆவணி பொறந்ததும் போட்டுக்கிடுவோம்.”

இரண்டு வெர்ஷன் ஒரே ஃபோல்டரைத் தொடக்கூடாது என்று மறுபடி சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டு அன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டோம். சூடத்தை மட்டும் தெருவில் காட்டினார்கள். (எங்கள் ஊரில் சாமிக்குக்கூட நெருப்பை யோசித்துத்தான் காட்டுவோம்.) சிடியைப் போட்டேன். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது புது வெர்ஷன் திறந்தது. அண்ணாச்சி எனக்குப் பின்னால் கைகூப்பி நின்றார்.

“முத முதல்ல அந்த புஸ்வாணப் பெட்டியத் திற தாயி. பெரிய ஆர்டரு.”

திறந்தேன். திரையில் ஒரு கட்டம் வந்தது. இது பழைய வெர்ஷன் ஃபைல், புதிதாக மாற்றட்டுமா? யெஸ், நோ.

நான் ‘நோ’வை அமுக்கினேன். ஆம், அமுக்கினேன்! வரலாற்றில் அது பதிவாக வேண்டும். அமுக்கியதும் ஃபைல் மூடிக்கொண்டது.

“என்னம்மா ஆச்சு?”

“மாத்தணுமான்னு கேட்டுச்சு அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்னேன்.”

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. “நல்ல நேரத்துல வாயத் தொறந்து கேக்குது. அதுகிட்டப் போயி இல்லைன்னு சொல்லலாமா? மறுபடி திறந்து யெஸ்ஸ அமுக்கு தாயி.”

அமுக்கினேன். அடுத்த கட்டம் வந்தது. இந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் மாற்றட்டுமா?

என் விரல் நின்றது. பின்னால் மூன்று கம்ப்யூட்டர்காரர்களும், பிளேடு அடிக்கிறவர்களும், டீ வாங்கி வரும் அம்மா கையில் பொங்கல் பாத்திரத்தோடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எல்லாத்தையுமா கேக்குது?” என்றார் அண்ணாச்சி, பூரித்துப் போய். “பெருகப் போகுதும்மா! அமுக்கு!”

அமுக்கினேன். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையுமா என்று மூன்றாவதாக ஒன்று கேட்டது. அதை நான் யாரையும் கேட்காமல் நானாகவே அமுக்கினேன். பழகிவிட்டது.

பொங்கலை வாயில் வைக்கும்போது அடுத்த சீட்டு செல்வி கூப்பிட்டாள். “யக்கா, எனக்கு ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது.” அதற்கடுத்த சீட்டிலும் திறக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பழைய வெர்ஷனுக்குப் புது ஃபைல் புரியாது. நான்கு கம்ப்யூட்டரில் மூன்று, பூ வைக்காத குறையாகப் படுத்துவிட்டன. எல்லோரும் என் கம்ப்யூட்டர் முன்னால் தண்ணி லாரியைக் கண்டதுபோல வரிசை கட்டினார்கள்.

நான் பதறவில்லை. காப்பிதான் எடுத்திருக்கிறேனே! ‘பத்திரம்’ என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் அத்தனையும் இருந்தது. அந்தப் ‘பத்திரம்’ எங்கே இருந்தது? பொது ஃபோல்டருக்கு உள்ளேதான். வெளியே வைத்தால் யாராவது அழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் உள்ளே வைத்திருந்தேன். மூன்றாவது யெஸ் அதையும் மாற்றி வைத்துவிட்டது.

“ரெண்டு வாரந்தானே, வரிசையில நின்னு பாத்துக்கிடுங்க” என்றார் அண்ணாச்சி. புஸ்வாணப் பெட்டி டையையும் புது வெர்ஷனிலேயே வெட்டி, அதால் அட்டையை வெட்டியெடுத்து தாயில்பட்டிக்கு அனுப்பியும் விட்டோம்.

இரண்டு நாள் கழித்து அங்கிருந்து போர்மேன் போன் செய்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, பெட்டி மூட மாட்டேங்குது. அட்டை இறுக்குது.”

“நல்லா அமுக்கி மூடச் சொல்லுய்யா.”

“அமுக்கவா? உள்ள இருக்கது அல்வான்னு நெனச்சீகளா? புஸ்வாணத்த அமுக்கிட்டு நாங்க வீடு போய்ச் சேர வேண்டாமா? லாரிக்காரன் வேற வந்து நிக்கான். நாளைக் காலைக்குள்ள நல்ல பெட்டி வரலைன்னா ஆர்டர வேற ஆளுகிட்டக் குடுத்துருவோம், சொல்லிட்டேன்.”

அட்டையின் கனத்துக்கு நாங்கள் விட்டிருந்த இடத்தைப் புது வெர்ஷன் அழித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்திருந்தது. கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போன் போட்டேன். “அது வேற இடத்துக்குப் போயிருக்கும் மேடம். நேர்ல பார்த்தாத்தான் தெரியும். அடுத்த வாரம் வர்றேன்” என்றான்.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பச்சப் பிள்ளைய விட்டுட்டு வர்றவ, புத்தி எம்புட்டுத்தான் வேலையில நிக்கும்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சுவரிடம் சொன்னார். முதல் வாக்கு போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன், ஆபீஸ் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் கவலை வந்து, மொத்த ஃபோல்டரையும் ஒரு சிடியில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். பீரோவில் கல்யாணப் பட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். (என் சந்தேக புத்தியை யாரும் இனிமேல் குறை சொல்லாதீர்கள்.) வீட்டுக்குப் போன் போட்டேன்.

“மதினி, பீரோவுல பட்டுச் சேலைக்குள்ள பளபளன்னு வட்டமா ஒண்ணு இருக்கும். பாத்து எடுத்து வைங்க.”

“அதுவா? அதைத்தான் பிள்ளை தொட்டில்ல கட்டியிருக்கேன்.”

“எப்பத்துல இருந்து?”

“அது ஆச்சு ஒரு மாசம். நீயுந்தானே தெனம் அதச் சுத்திவிட்டு, ‘நிலாவப் பாரு, நிலாவப் பாரு’ன்னு கொஞ்சுதே?”

உண்மைதான். தினமும் கம்பெனியின் மொத்த உயிரையும் என் விரலாலேயே சுற்றிவிட்டுக் கொஞ்சியிருக்கிறேன். ஏதோ சினிமாப் பாட்டு சிடி என்று நினைத்திருந்தேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் பறந்தேன். சேலைத் தொட்டிலுக்கு மேலே, உயரத்தில், நூலில் அது சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்தேன். மதினி தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இப்பத்தான் கண்ணசருது. அது சுத்தலைன்னா தூங்காது. பல்லு மொளைக்குதுன்னு ரெண்டு நாளா ஒரே அழுகை. தொட்டே, பாத்துக்கோ.”

“மதினி, இது இல்லைன்னா என் வேலை போயிரும்.”

“அத எடுத்தாலும் உன் வேலை போயிரும். பேசினது ஞாபகம் இருக்கா?”

அதுவும் நியாயம்தான். நாற்காலியில் ஏறியபடி அப்படியே நின்றேன். வலது கையை நீட்டினால் மதினியிடம் வேலை போகும். நீட்டாமல் இறங்கினால் அண்ணாச்சியிடம் போகும். பாதிக் கண்ணைத் திறந்து மகள் என்னையே பார்த்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. சுற்றுவது நின்றிருந்தது.

தோளில் கைப்பை இடித்தது. அதற்குள் புது வெர்ஷன் சிடி இருந்தது. விலை உயர்ந்ததாயிற்றே, ஆபீஸில் விட்டால் காணாமல் போய்விடுமோ என்று தினமும் பையிலேயே சுமந்துகொண்டிருந்தேன். பழையதை அவிழ்த்தேன். புதியதைக் கட்டினேன். சுற்றிவிட்டேன். வெளிச்சம் சுவரில் ஓடியது. மகள் கொட்டாவி விட்டுக் கண்ணை மூடினாள். அந்தப் புது வெர்ஷன் எந்தக் கேள்வியும் கேட்காமல் வேலை செய்தது அந்த ஒரு இடத்தில்தான்.

“அதான் ரெண்டு வச்சிருக்கேல்ல, முதல்லயே கட்டுனா என்ன?” என்றார் மதினி.

ஆபீஸில் பழைய சிடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்டோம். முக்கி முனகிப் படித்தது. மூன்று பழைய கம்ப்யூட்டர்களிலும் ஃபைல்கள் திறந்தபோது செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் புது டை வெட்டி முடிந்தது. மறுநாள் காலையில் பெட்டி தாயில்பட்டியில் இருந்தது. இறுகிப்போன பெட்டிகளை அண்ணாச்சி வீணாக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு புஸ்வாணப் பெட்டியில்தான் வந்தது. உள்ளே அழகாகப் பொருந்தியிருந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆவணி பிறந்ததும், மற்ற மூன்றுக்கும் போட வேண்டும் என்று அண்ணாச்சி சிடியைக் கேட்டார். அவசரத்தில் நான் நூலை நீளமாக விட்டுக் கட்டியிருந்தேன் என்பது அதற்குள் தெரிய வந்திருந்தது. என் மகளுக்கு எட்டும் உயரம். அண்ணாச்சி சிடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எலி கடிச்சிருக்கோ?”

நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“எலிப் பல்லு இப்பிடி இருக்காதே. மேல ரெண்டு, கீழ ரெண்டு.” விரல் நுனியால் அந்தத் தடங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “நாலு பல்லு மொளைச்சிருச்சாம்மா பிள்ளைக்கு? சொல்லவே இல்லையே!” அன்று சாயங்காலமே ஊரில் பாதிப் பேருக்கு அது தெரிந்துவிட்டது.

பல் பட்ட சிடி எதிலும் ஓடாததால், என் ஒரு கம்ப்யூட்டரிலும் பழைய வெர்ஷனையே திருப்பிப் போட்டுக்கொண்டோம். இன்றுவரை அதில்தான் ஓடுகிறது. சந்தையில் கடைக்காரர் சொன்ன விலைக்கு நான் தலையாட்டினாலும், கல்யாணப் பத்திரிகைக்கு ‘வர்றோம்’ என்றாலும், என் கணவர் மெதுவாகக் கேட்பார்: “யெஸ்ஸ அமுக்கிட்டியா?” இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் அதையே கேட்கக் கற்றுக்கொண்டாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் மறுபடி ஒரு புது வெர்ஷன் வந்து இறங்கியிருக்கிறது. அண்ணாச்சி காலண்டரைப் பார்த்துவிட்டார். ஆடிப் பதினெட்டுதான். ஒரு மணி நேரம்தான். ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். சிடி என் கைப்பையில் இருக்கிறது. நேற்று அதைப் பார்த்துவிட்டு மகள், “இத எந்தத் தொட்டில்லம்மா கட்டப் போறே?” என்று கேட்டாள். (மதினியின் மகளுக்கு ஆடி கடைசியில் பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள்.)

பொது ஃபோல்டரை இந்தத் தடவை மூன்று இடத்தில், வெளியே, காப்பி எடுத்துவிட்டேன். ஆனாலும் நல்ல நேரத்தில், அண்ணாச்சி பின்னால் கைகூப்பி நிற்க, அந்தக் கட்டம் மறுபடி வரத்தான் போகிறது. இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். முதலாளி மனம் கோணாமல், சகுனமும் கெடாமல், ‘நோ’ சொல்ல ஏதாவது வழி உண்டா? இருந்தால் ஆடி பிறப்பதற்குள் எழுதுங்கள். இல்லையென்றால், தொட்டில் நூலை எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்றாவது எழுதுங்கள்.