குண்டடம் கொறங்காட்டில் ஒரு குழி

தாராபுரம் மச்சான் மகுடேஸ்வரன் அவர்களின் சமூகத்துக்கு, அருள்புரம் சுப்பையன் வணங்கி எழுதுவது. நானும் உங்கள் தங்கை ரங்காத்தாளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். எனக்குப் போன் பழக்கிக் கொடுத்ததே என் மகள் அனுப்பிரியா, நம் பாப்பாதான். அதில் எதைப் பேசினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். விஷயம் இதுதான். குண்டடத்தில் ஆடு மேயவிட்டிருக்கும் நம் நாலு ஏக்கர் கொறங்காட்டைப் பாப்பா எனக்குத் தெரியாமல் சைட் போட்டு விற்கப் பார்க்கிறாள்.

ஒரு மாதமாக ஞாயிறானால் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு குண்டடம் போகிறாள். கூடவே ராபின். நம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்ப்பவர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். துணியில் ஓட்டை பார்க்கிறவருக்குக் காட்டில் என்ன வேலை என்று ஆடு மேய்க்கும் கன்னையனிடம் விசாரித்தேன். "அம்மிணி பட்டியை ஒரே எடத்துலயே போடச் சொன்னாங்க, புல்லை ஒட்ட மேயோணுமாமுங்க" என்றான். காடு பூராவும் கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரம் நிற்க, நடுவில் ஒரு களம் அளவுக்கு மட்டும் வட்டமாக மொட்டையாம். அதன் நடுவில் ஒரு குழி, குழியில் ஒரு குச்சி, குச்சி நுனியில் நம் கம்பெனியின் சிவப்புக் கட்டிங் வேஸ்ட் துணி. நம் பக்கம் காட்டில் சிவப்புக் கொடி நட்டால் அடுத்த மாதமே ரோடு போட்டு ஏதோ ஒரு நகர் என்று போர்டு வைத்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

போன ஞாயிறு நானே பஸ் ஏறிப் போய், கிளுவை வேலிக்கு இந்தப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். முள் குத்தியது, பொறுத்துக்கொண்டேன். பாப்பா குழியிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தாள், பதினாலு தப்படி. குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடித் தரையின் வாட்டத்தைப் பார்த்தாள். ராபின் நோட்டில் எழுதினார். சர்வேயர் இதைவிட வேறென்ன செய்வான்? அப்புறம் நுனியில் இரும்புத் தகடு வைத்த ஒரு கோலால் வெள்ளைப் பந்து ஒன்றைத் தட்டினாள். அது தவளை மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி, உருண்டு, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. "தொட்டிலை ஆட்டுத மாதிரி ஆட்டுங்க மேடம், கையில வெறைப்பு கூடாது" என்றார் ராபின். மறுபடி அதே பந்து, அதே பதினாலு தப்படி. அறுபது தடவை வரை எண்ணினேன், அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஊட்டுக்கு வந்ததும் சாடைமாடையாகக் கேட்டேன். கோல்ஃப் பழகுகிறேன் என்கிறாள். நம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அடுத்த வாரம் கோயமுத்தூர் வருகிறாராம், கோல்ஃப் ஆடிக்கொண்டேதான் ஆர்டர் பேசுவாராம், ராபின் முன்னே ஊட்டியில் கோல்ஃப் ஆடுபவர்களுக்குப் பை தூக்கியவராம். நல்லாக் கதை கட்டுகிறாள். நானும் டிவியில் கோல்ஃப் பார்த்தவன்தான் மச்சான். ஓங்கி ஒன்று விட்டால் பந்து கண்ணுக்கே தெரியாது. நாலு ஏக்கர் காட்டை வைத்துக்கொண்டு எவனாவது பதினாலு தப்படிக்குத் தட்டிக்கொண்டிருப்பானா? இதைக் கேட்டதற்கு, "தூரமா அடிக்கறது ஆருக்கும் வந்துருமுங்கப்பா. கிட்டக்க வந்து மெதுவாப் போடறதுதான் வராது" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். காதல் கீதல் என்று வந்து நின்றிருந்தால்கூட நாலு நாள் அழுதுவிட்டுக் கல்யாணம் பண்ணி வைத்திருப்பேன். கம்பெனி இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். அந்தக் காடும் போயிட்டா நான் எந்த ஊர்க்காரன்னு சொல்லிக்கறது மச்சான்?

ஆகவே, தாய்மாமன் சொன்னால் பாப்பா தட்டமாட்டாள். உடனே புறப்பட்டு வந்து கண்டித்து வையுங்கள். பத்திரத்தையும் உங்களிடமே கொடுத்துவிடுகிறேன், உங்கள் பீரோவில் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பேரன் பேத்திகளுக்கு ஆசி. மாரியாத்தா எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
சுப்பையன்

பி.கு.: பத்திரத்தை எடுத்து வைக்கலாமென்று பீரோவைத் திறந்தேன், காணோம். ரங்காத்தாளிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "நீங்கதானுங்க தை மாசம் புரோக்கர் ஆத்தப்பன் கையில குடுத்தீங்க. இந்த ஆர்டர் கெடைக்காட்டிக் காட்டைக் குடுத்தர்றதுன்னு பேசுனீங்க. பாப்பா ஜன்னலோரந்தான் நின்னுட்டிருந்தா" என்றாள். மறந்தே போச்சு மச்சான். உள்ளதைச் சொன்னால் மறக்கவில்லை, மறந்த மாதிரி வைத்திருந்தேன். அப்போ பாப்பா அங்கே போய்ப் பழகுவது எதுக்கு என்று கேட்டேன். "காட்டைக் காப்பாத்தத்தானுங்க" என்றாள். நீங்க வாங்க மச்சான், ஆனாப் பாப்பாகிட்ட ஒண்ணுங் கேக்க வேண்டாம். ஆத்தப்பன் ஊட்டுக்குப் போயிப் பத்திரத்தைத் திருப்பி வாங்கோணும். தனியாப் போக எனக்கு வெக்கமா இருக்குது.