தெப்பக்குளம் சுட்ட சாயங்காலம்

அம்மா கொலுப்படியின் முதல் தட்டில் நீல பிளாஸ்டிக் டப்பை வைத்து, அதில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு யோசனைகள் தும்மல் மாதிரி. முன்னறிவிப்பு கிடையாது. பாதிப்பு முழுக்கப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்.

அந்த டப் நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைக் குளிப்பாட்டியது. நவராத்திரி வந்தால் அது தெப்பக்குளம் ஆகிவிடும். சுற்றிலும் களிமண் படிக்கட்டு, நடுவில் வடக்கு மாட வீதியில் வாங்கிய சின்னத் தெப்பம். அம்மாவுக்கு ஒரே குறை, தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, மூன்றாம் நாளே கொசு வருகிறது.

எனக்கும் ஒரே குறைதான். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே கோத்த கம்ப்யூட்டர், பெரிய கேம் ஓடினால் தோசைக்கல் ஆகிவிடும். தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் சாமான்களைப் பழசாக வாங்கியிருந்தேன். பம்ப் இருந்தது, குழாய் இருந்தது. சூட்டை வெளியேற்ற வேண்டிய ரேடியேட்டர் மட்டும் இல்லை. (உடம்பு இருக்கிறது, நுரையீரல் இல்லை என்பது மாதிரி.)

இரண்டு குறை, ஒரு குளம். ஒரு குழாய் குளத்துத் தண்ணீரை உறிஞ்சி பிராசஸர் மேல் ஓடவிடும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகக் குளத்திலேயே கொட்டும். அவ்வளவு தண்ணீரில் சூடு கரைந்துவிடும். கம்ப்யூட்டர் படிகளுக்கு அடியில், துணிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். திரையும் கீபோர்டும் நீள வயரில் என் அறையில்.

"தெப்பம் தானா சுத்துமா?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

"சுத்தும்மா."

"அப்பப் பண்ணு. ஆனா கலசம் வெச்சதுக்கப்பறம் ஒரு பொம்மைய நகத்தப்படாது. விஜயதசமி வரைக்கும் யாரும் கை வெக்கப்படாது, சொல்லிட்டேன்."

தலையாட்டினேன். அந்த நிபந்தனைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவில்லை. என் யோசனைகளில் இது வழக்கமாக விட்டுப்போகும் பகுதி.

முதல் சில நாட்கள் எங்கள் கொலு ராஜா அண்ணாமலைபுரத்தின் பேச்சாக இருந்தது. (எங்கள் அடுக்கு மாடியின் பேச்சு. சரி, எங்கள் மாடியின் பேச்சு.) சூடு ஏறினால் பம்ப் வேகமாக ஓடும், தெப்பமும் வேகமாகச் சுற்றும். அதனால் சமையலறையில் இருந்தபடியே அம்மா கண்டுபிடித்துவிடுவார். "தெப்பம் பறக்கறதே. படிக்கறேன்னு உள்ள போய் விளையாடிண்டிருக்கியா?"

அப்புறம் ஒரு நாள் காலையில் அக்கா என்னிடம் வந்தாள்.

நித்யா அக்கா கட்டிடக்கலை படித்தவள். திருவான்மியூரில் ஒரு அலுவலகம் அவளுக்கு வேலை கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை வைத்திருந்தது. அவள் வரைந்த வீட்டுக்குள் ஒருவர் நடந்து போவது போல் ஒரு படம் செய்து, அன்று இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அவள் லேப்டாப்பில் அதை ஓட்டினால் தை பிறந்துவிடும். ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவள். "இது கிடைக்கலேன்னா அண்ணாநகர் மாமா சொல்ற பையனப் பார்க்க ஒத்துக்கறேன்" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

"உன் மிஷின்ல சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடுமா?"

"ஏழுக்கே முடிஞ்சுடும்."

"நிச்சயமா?"

"என் மிஷின்க்கா." (கல்லூரி கடைசி வருடம். அந்த வயதில் அதுவே ஒரு உத்தரவாதம்.)

காலையில் ஓடவிட்டோம். மாலை வரை எல்லாம் சுகம். ஆறரைக்கு இரண்டாம் மாடி அலமேலு மாமி, நான்கைந்து மாமிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பட்டுப் புடவையில், கையில் சுண்டல் தட்டுடன், இடுப்பில் செருகிய போனில் சூட்டைப் பார்த்தபடி நின்றேன். எழுபத்திரண்டு டிகிரி. நல்ல எண்.

"அட, தெப்பம் ஓடறதே. ஜலம் எங்கேர்ந்து வர்றது?" என்று கேட்டபடியே அலமேலு மாமி கூடையிலிருந்து ஒரு பிடி ரோஜா இதழை எடுத்துக் குளத்தில் தூவினார். அடுத்த மாமி காசு போட்டார். இன்னொருவர் அட்சதை. ஒருவர் பக்தி மேலிட்டு ஒரு சிட்டிகை குங்குமம்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, சாமி பக்கத்தில் தண்ணீர் இருந்தால் நம் ஜனங்கள் அதில் எதையாவது போடாமல் நகர மாட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். உறிஞ்சும் குழாயின் வாயில் நான் ஒரு டீ வடிகட்டியைத்தான் கட்டியிருந்தேன். ரோஜா இதழ்கள் வரிசையில் நின்று அதில் போய் ஒட்டிக்கொண்டன.

தெப்பம் மெதுவானது. எழுபத்தொன்பது.

குளத்தில் கையை விட்டு வடிகட்டியைத் துடைத்தால் போதும், ஒரு நொடி வேலை. குனிந்தேன்.

"ஹரிணி." அம்மாவின் குரல். "கை."

நிமிர்ந்தேன். அலமேலு மாமி குளத்தில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். (விருந்தாளிகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது.) பிறகு திகைத்து விரலைப் பார்த்தார். "ஜலம் வெதுவெதுன்னு இருக்கேடி."

"அம்பாள் சாந்நித்யம் மாமி" என்றேன்.

மாமி மறுபடி தொட்டு மற்றவர்களையும் தொடச் சொன்னார். இப்போது குளத்தைச் சுற்றிக் கூட்டம். எண்பத்தாறு. என் கம்ப்யூட்டரில் ஓடும் படத்தை அக்கா சுவரோரமாகத் தன் லேப்டாப் வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். கேள்வியாகப் புருவத்தைத் தூக்கினாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அந்தக் கட்டை விரலை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

பால்கனிக்கு ஓடி டில்லிக்குப் போன் போட்டேன். டில்லி மந்தைவெளிக்காரன். கேமில் என் கூட்டாளி.

"மச்சி, எண்பத்தெட்டு. ஏறிக்கிட்டே இருக்கு."

"எங்க கீது இப்ப?"

"கொலுவுல. தெப்பக்குளத்துல விட்டிருக்கேன்."

"இன்னா மச்சி நீ, சாமி குளத்துல போய் வெந்நீர் வெச்சினு கீற. நூறு தொட்டா அதுவே ஆஃப் ஆயிரும், தெரியும்ல. ஐஸ் கொட்டு சீக்கிரம்."

ஃப்ரீசரில் இருந்த அத்தனை ஐஸ் கட்டிகளையும் வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தில் பக்தியுடன் வந்து குளத்தில் கவிழ்த்தேன்.

"என்னடி இது?" என்றார் மாமி.

"கைலாசம் மாமி. பனி."

"பேஷ்" என்றார். அம்மா மட்டும் என்னை உற்றுப் பார்த்தார். அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

எண்பத்தொன்று. அக்காவின் திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. நான் மூச்சு விட்ட அந்த நேரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஐஸ் ஏறியதில் டப் விளிம்பு வரை நிரம்பி, படித்துணி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை. சுற்றிலும் வெறுங்காலுடன் மாமிகள்.

தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆனால் கை வைக்கக் கூடாது, சாமி தண்ணீர் என்பதால் மொண்டு வெளியே கொட்டவும் கூடாது. பன்னீர்ச் சொம்பு கண்ணில் பட்டது. அதில் குளத்துத் தண்ணீரை நிரப்பி மாமிகள் தலையில் தெளிக்க ஆரம்பித்தேன். முதல் தெளிப்புக்குக் கைகூப்பினார்கள். மூன்றாவதற்கு முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஐந்தாவதில் அலமேலு மாமி, "போதும்டி கொழந்தே, ஜலதோஷம் பிடிக்கும்" என்று நாற்காலியோடு பின்வாங்கினார்.

டொக். டொக்.

"அக்கா, அணைச்சுடலாமா?"

"தொண்ணூத்தாறு, ஹரிணி. இன்னும் கொஞ்ச நேரம்தான். ப்ளீஸ்."

நான் அக்காவைப் பார்த்தேன், சொட்டும் துணியைப் பார்த்தேன், மாமிகளின் கால்களைப் பார்த்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

வீடு இருண்டது. குத்துவிளக்கு மட்டும். தெப்பம் நின்றது.

"ஆஹா" என்றார் ஒரு மாமி. "இப்பத்தான் கொலு மாதிரி இருக்கு."

இருட்டில் அக்கா அழவில்லை. அது அழுவதைவிட மோசமாக இருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "இதுவரைக்கும் ஓடினது ஒவ்வொரு படமா சேவ் ஆயிருக்கும். அந்த டிஸ்க்க மட்டும் கழட்ட முடியுமா? என் லேப்டாப்புல சார்ஜ் இருக்கு."

இதுதான் அந்த மாலையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புடவையோடு படிகளுக்கு அடியில் தவழ்ந்தேன். மேலே ஒன்பது படி பொம்மைகள். ஒன்று ஆடினாலும் அம்மா என்னை அதே படியில் வைத்துவிடுவார். இருட்டில் வயரைத் தடவிக்கொண்டிருந்தபோது மேலே அலமேலு மாமியின் குரல். "ஹரிணி எங்கே? ஒரு பாட்டுகூடப் பாடலையே."

"பாடுவா" என்றார் அம்மா. குரலில் இரக்கமே இல்லை. "இங்கதான் எங்கயோ இருக்கா. பாடுடி."

எனக்குத் தெரிந்த ஒரே பாட்டைக் கொலுவுக்கு அடியிலிருந்து பாடினேன். பல்லவியில் முதல் கேபிள் கழன்றது. அனுபல்லவியில் இரண்டாவது. சரணத்தில் துணிக்கு வெளியே நீண்ட அக்காவின் கையில் டிஸ்க்கை வைத்தேன்.

"அம்பாளே பாடற மாதிரி இருக்கு" என்றார் ஒரு மாமி உருகி.

"சுருதிதான் சேரல" என்றார் அலமேலு மாமி.

எட்டுக்குக் கொஞ்சம் முன்னால், போன் இணையத்தில், அக்கா படத்தை அனுப்பினாள். கேமரா தோட்டத்தைக் கடந்து, கூடத்தைக் கடந்து, பூஜையறைக் கதவு வரை போய் நின்றுவிடும். கதவு திறக்காது. மறுநாள் அவர்களிடமிருந்து பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, கதவைத் திறந்து இன்னும் இரண்டு நாளில் அனுப்புங்கள்.

விஜயதசமிக்குக் காத்திருக்க அக்கா தயாராக இல்லை. அம்மாவே கலசத்தைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொம்மைகளைத் தொடாமல் பின்பக்கத் துணியை அவிழ்த்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரைத் துடைத்து, அக்காவின் அறையில், மூன்று மின்விசிறிகளுக்கு நடுவே வைத்தோம். கதவு திறந்தது. வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் மட்டும் அந்த அறையை விட்டு வரவே இல்லை. "உன் மிஷின்தானே? வெச்சுக்கறேன்" என்றாள். நவராத்திரி இரண்டு முறை வந்து போய்விட்டது. சனிக்கிழமை மாலைகளில் அனுமதி வாங்கிக்கொண்டு நான் அதில் கேம் விளையாடுகிறேன்.

அலமேலு மாமி இன்னமும் எங்கள் வீட்டுக்குக் கொலு பார்க்கக் குடையோடுதான் வருகிறார். நான் "ஒரு யோசனை" என்று ஆரம்பித்தால் போதும், அம்மா எழுந்து மெயின் சுவிட்ச் பக்கம் நின்றுகொள்கிறார்.

புது கம்ப்யூட்டர் ஒன்றைக் கோத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் அம்மா கொலுவில் கடற்கரை வைக்கப் போகிறாராம், ராட்டினத்தோடு. தண்ணீர் கிடையவே கிடையாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்க விசிறியிலிருந்து வரும் வெப்பக் காற்றை ஒரு குழாயில் ஏற்றி நேற்று ராட்டினத்தின் மேல் விட்டுப் பார்த்தேன். அழகாகச் சுற்றுகிறது. காற்றில் குத்துவிளக்கு அணைந்துவிடுகிறது என்பதுதான் ஒரே சிக்கல்.

அதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. அம்மா மெயின் பக்கத்திலிருந்து நகரட்டும், சொல்கிறேன்.