சகெல்லாரிஸ் மாஸ்டர் நடத்திய உப்புப் பாடம்

கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவில் இனி முக்குளிக்கிற எவனும் தன் ரெகுலேட்டரைத் தானே கழற்றி, தானே கழுவி, தானே மாட்ட வேண்டும். முக்குளிப்பு மாஸ்டர் சகெல்லாரிஸ் முடிவு செய்துவிட்டார்! கடலடியில் மூச்சு கொடுக்கிற கருவி அது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் அதை வாயில் வைக்கலாமா?

சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. காற்று கசிகிற சத்தத்தை வைத்தே எந்த ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். துறைமுகத்துக் காபிக் கடையில் அவர் வகுப்பை அறிவித்தபோது, முக்குளிப்போர் சங்கத் தலைவி செவஸ்தியே எழுந்து வந்தாள்.

"முதல் வகுப்புக்கு நானே வரேன் மாஸ்டர். நல்லா இருந்தா கோடை முழுக்க ஆள் அனுப்பறேன். இல்லேன்னா இதோட சரி."

அத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம். பக்கத்து மேசை மிக்கேஸ் விடவில்லை.

"ஆமா, உங்க சாமானை யாரு மாஸ்டர் பராமரிக்கிறது?"

"யாரா? என் சாமான்ல இன்னொரு கை படாது தம்பி! வீட்டுக்காரியைக்கூடக் கிட்ட விட மாட்டேன். அவளுக்கு என்ன தெரியும்? தொட்டா கெட்டுது!"

உண்மை என்னவென்றால், கடலிலிருந்து வந்ததும் பையை முற்றத்துக் குழாயடியில் வீசிவிட்டுக் குறட்டை விடப் போய்விடுவார். மறுநாள் எல்லாம் நிழலில் தொங்கி மினுமினுக்கும். அது தானாகவே குளித்துத் தானாகவே தலை துவட்டிக்கொள்கிற சாமான் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தார்.

காபிக் கடைப் பேச்சு அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி தெமெலினா திராட்சை இலையில் அரிசியை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்க சாமானை நான் தொடக் கூடாதாமே?"

"அது... ஒரு பேச்சுக்கு..."

"இல்லைங்க, சொன்னது சொன்னதுதான். எனக்கு என்ன தெரியும், பாவம்!"

எவ்வளவு அடக்கமான பெண்டாட்டி என்று சகெல்லாரிஸ் பூரித்துப்போனார்.

மறுநாள் ஒரு சிநேகிதரின் நங்கூரம் பாறையில் சிக்கிக்கொள்ள, முங்கி எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போல் பை குழாயடிக்குப் போனது. அப்புறம் வகுப்பு ஏற்பாட்டில் அதன் நினைப்பே இல்லை. நாள் கணக்கில் வெயில் காய்ந்தது. பை அங்கேயே கிடந்தது.

வகுப்பு நாள். முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் செவஸ்தி. சகெல்லாரிஸ் மேசைமேல் பையை வைத்தார்.

"இது என் ரெகுலேட்டர். எத்தனையோ வருஷம் உழைச்சது. இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்!"

திறந்தார். செத்த ஆக்டோபஸ் வாடை முதலில் வந்தது. பிறகு ரெகுலேட்டர் வந்தது. மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு.

"மாஸ்டர், எந்த மியூசியத்துலேர்ந்து எடுத்தீங்க?" என்றான் மிக்கேஸ்.

சிரிப்பு. சகெல்லாரிஸ் வாசற்படியைப் பார்த்தார். காபித் தட்டோடு நின்ற தெமெலினா தலையை ஆட்டினாள்.

"நான் தொடவே இல்லைங்க!"

செவஸ்தி எழுந்திருக்கப் போனாள். கோடை முழுவதும் அவளோடு சேர்ந்து எழுந்து போகப் பார்த்தது.

"உட்காரும்மா!" சகெல்லாரிஸ் மேசையைத் தட்டினார். "வேணும்னுதான் இப்படிப் போட்டு வச்சேன்! கழுவாம விட்டா என்ன கதி ஆகும்னு கண்ணால பார்க்க வேணாமா? பின்னே, உப்புச் சப்பில்லாத பாடமா நடத்துவேன் நான்?"

கைதட்டல்! சட்டைக் கையைச் சுருட்டினார். ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் கலந்து பித்தளையை ஊறப் போட்டார், தேய்த்தார், அலசினார், துடைத்தார். வளையங்களை மாற்றி, கிரீஸ் தடவி மாட்டினார். அந்த வேலையில் அவருக்கு நிகர் அவர்தான். காற்றுச் சிலிண்டரில் பொருத்திக் கொடுக்க, செவஸ்தி வாங்கி மூச்சு இழுத்துப் பார்த்தாள். குழந்தை தூங்குகிற மாதிரி சத்தம்.

"மாஸ்டர், இப்படி ஒரு பாடத்தை நான் பார்த்ததே இல்லை. வாரா வாரம் ஆள் அனுப்பறேன். ஆனா ஒவ்வொரு வகுப்புலயும் இதே மாதிரி உப்பேறின சாமான்தான் வேணும்."

சகெல்லாரிஸின் நெஞ்சு சிலிண்டர் மாதிரி நிமிர்ந்தது. "அதுக்கென்ன! ஆனா வாரா வாரம் உப்புக்கு எங்கே..."

"அதை நான் பார்த்துக்கறேங்க," என்றாள் தெமெலினா. "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் முக்குளிச்சவதானே."

"அப்ப நம்ம படகுலயே வந்துடு!" என்றாள் செவஸ்தி.

அடுத்த சனிக்கிழமை சகெல்லாரிஸ் துறைமுகத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் வீட்டுக்காரி! என் வகுப்புக்காகத்தான் கடல்ல இறங்கியிருக்கா!" என்று மார்தட்டினார். மத்தியானம் தலைமுடி சொட்டச் சொட்ட, முகமெல்லாம் சிரிப்பாகப் படியேறி வந்தாள் தெமெலினா. கடலில் நனைந்த சாமான் பையை அவர் காலடியில் பொத்தென்று போட்டாள்.

"இந்தாங்க, அடுத்த பாடம். அப்படியே என் உடுப்பையும் சேர்த்து நடத்திடுங்க."