கிழவனை வெட்டாமல் கதவு திறப்பது பற்றி

ஓட்டமாவடி,
வெள்ளிக்கிழமை.

என் முனாப் மாமாவுக்கு,

மருமகள் முப்லிஹா ஸலாத்துடன் எழுதுகிறேன். நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். ஆகவே, உங்களுடைய முதுகு வலி எப்படி இருக்கிறது? டோஹாவில் வெயில் இறங்கிவிட்டதா? இங்கு மழை தொடங்கிவிட்டது, இறால் மலிந்துவிட்டது, நாங்கள் எல்லாரும் சுகமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே வீட்டில் என்பதை இன்னொரு தரம் வாசித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வாப்பா உங்களுக்கு அனுப்பிய குரல் செய்தியில் அது வேறு மாதிரி இருக்கும்.

அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, லீவு எடுத்துக்கொண்டு வரப்போவதாக உம்மாவிடம் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் போனில் எதைச் சொன்னாலும் அது குசினி வரைக்கும் கேட்கும். அதனால் பக்கத்து வளவு இஷாம் காக்கா உங்களுக்குக் கொண்டுவரும் கருவாட்டுப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். மணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து எழுத வேண்டும் என்பதும் டீச்சர் சொன்னதுதான். எனக்கு மூத்த ஸுஹைனா ராத்தாவின் கலியாணத்தோடு வீடு ராத்தாவின் பெயருக்கு எழுதியாயிற்று. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை றிஸ்லான் மச்சான் ஏறாவூரிலிருந்து ஒரு சூட்கேசுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாப்பா, உம்மா, நான் மூவரும் பின்வளவில் கட்டும் சின்ன வீட்டுக்குப் போக வேண்டும், ஆனால் அந்த வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. அதனால் முன் அறையில் நாங்களும் நடு அறையில் அவர்களுமாக இருக்கிறோம். சின்ன வீட்டின் கூரையைப் பற்றி மச்சான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததே வாப்பாவுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. உம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "சோறு ஆறப்போகுதாம் எண்டு சொல்லு" என்பார். நான் அந்தப் பக்கம் போய்ச் சொல்வேன். மச்சான் "வாறன் எண்டு சொல்லு" என்பார். நான் இந்தப் பக்கம் வந்து சொல்வேன். கதவு திறந்துதான் இருக்கும்.

மச்சானிடம் கையில் பிடித்து விளையாடும் கேம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பியை விடச் சிறியது, இரண்டு பக்கமும் பிடிகள். அதற்குள் ஒரு பெரிய இருட்டு மாளிகை, சுற்றிலும் கல்லறைகள், எப்போதும் மழை. செத்தும் சாகாத பிரபு ஒருவன் உள்ளே இருக்கிறான், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் கோடரியோடு அவனைத் தேடிப் போகிறான். மச்சான் அதை ஏற்கெனவே ஒருமுறை விளையாடி முடித்தவர். நான் பிடித்த புத்தகத்தைத் திரும்ப வாசிப்பது போல அவர் அதைத் திரும்ப விளையாடுகிறார். எங்கள் வீட்டில் இது எனக்கு மட்டும்தான் விளங்கியது. மற்றவர்கள் அதைப் பெரிய போன் என்று நினைத்திருந்தார்கள்.

போன கிழமை உம்மா தேத்தண்ணியோடு ஜன்னலைக் கடந்து போகும்போது, மச்சான் ஏறாவூரில் இருக்கும் ஷிஹான் என்ற கூட்டாளியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். ஷிஹானும் அதே கேமை விளையாடத் தொடங்கியிருக்கிறார், வழி தெரியாமல் கேட்டிருக்கிறார். மச்சான் சொன்னது இது: "கதவடியில குந்திட்டு இரிக்கிற கிழவன் இரிக்கான் தானே, அவன் சும்மா எழும்ப மாட்டான்டா. இடுப்புலதான் சாவி. முதல் தரம் நான் மரியாதையா நிண்டு பாத்தன், சரிவரல்ல. இந்தத் தரம் வந்த கையோட வெட்டிப்போட்டன். பின்னால ஒரு கிழவி சத்தம் போட்டுட்டு வரும், அதையும் முடிச்சிரு. மறுகா முழு வீடும் நமக்குத்தான்."

மாமா, வாப்பா பகல் முழுக்க முன் வாசலில் சாய்மனைக் கதிரையில்தான் இருப்பார். அலுமாரிச் சாவி பெல்ட்டில்தான் தொங்கும். உம்மா தேத்தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் அடுப்பில் ஊற்றிவிட்டு வாப்பாவிடம் ஓடினார். "முதல் தரமும் எங்கயோ இப்பிடித்தான் செஞ்சிரிக்காரு. ஏறாவூர்ல சரியா விசாரிக்காமப் போயிட்டம்" என்றார். வாப்பா பெல்ட்டில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வெட்டுறதுக்கு முதல் நாமளாப் போயிருவம். அதுதான் மரியாதை" என்றார்.

உங்களுக்குக் குரல் செய்தி வந்தது அப்போதுதான். அதன் பிறகு வாப்பா சாய்மனைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கூரையில்லாத வீட்டுக்குப் போய் அதில் உட்கார்ந்தார். மழை வந்தது. கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மழை விட்டது, மறுபடியும் போனார். ராத்தா காரணம் கேட்டபோது உம்மா, "ஒண்ணுமில்ல மகள், உனக்கு வீடு விசாலமா இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அழுதார். ராத்தாவும் அழுதார். வீட்டைப் பற்றி மச்சான்தான் ஏதோ கேட்டிருக்கிறார் என்று நினைத்து அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். மச்சான் தான் வேலை செய்யும் போன் கடைக்குப் போய்வந்து, ஏன் யாரும் கதைக்கவில்லை என்று தெரியாமல், சோற்றைப் பார்த்தபடி சாப்பிட்டார். ஏற்கெனவே வாப்பாவும் உம்மாவும் அவரோடு நேரே கதைப்பதில்லை, அதனால் ராத்தாவின் மௌனத்தை மட்டும்தான் அவரால் புதிதாகக் கவனிக்க முடிந்தது. கலியாணம் முடிந்து ஒரு மாரிகாலம்கூடக் கழியவில்லை. ராத்தா உடுப்புகளை மடித்து, இவருடையது வேறு என்னுடையது வேறு என்று பிரித்து வைத்ததை நான் பார்த்தேன்.

நான் வாப்பாவிடம் போய், "அது கேம் வாப்பா, அந்தக் கிழவன் கேமுக்குள்ள இரிக்கிறவன்" என்று விளக்கினேன். வாப்பா, "எங்க, அந்த ஆளக் காட்டு" என்றார். மச்சான் கடையில் இருந்த நேரம் ராத்தாவிடம் கேட்டுக் கேமை எடுத்து வந்து திறந்தேன். மச்சான் கிழவனை எப்போதோ தாண்டிப் போய்விட்டார். வாசலுக்குத் திரும்பி நடந்து காட்டினேன். அங்கே திறந்த கதவும் வெறும் முக்காலியும்தான் இருந்தன.

"ஆளும் இல்ல. கதவும் தொறந்து கிடக்கு" என்றார் வாப்பா. முன்பு சந்தேகமாக இருந்தது இப்போது சாட்சியோடு இருந்தது.

வேறு வழியில்லை, முதலிலிருந்து விளையாடினால்தான் கிழவன் உயிரோடு வருவான். அன்று மாலை மச்சானிடம் அனுமதி கேட்டேன். "விளையாடு, ஆனா என்ட இடத்த அழிச்சிராத" என்றார். நான் புதிதாகத் தொடங்கினேன். நான் கெட்டிக்காரி இல்லை என்பது முதல் கல்லறையிலேயே தெரிந்துவிட்டது. செத்தால் பழையபடி ஒரு கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் எழும்ப வேண்டும். ஆரம்பத்தில் நான் செத்த ஒவ்வொரு முறையும் வாப்பா, மனிதர் இறந்தால் சொல்வது போல, வாய்க்குள் "இன்னா லில்லாஹி" சொன்னார். பிறகு, இதுக்கெல்லாம் சொல்லித் தீராது என்று விட்டுவிட்டார். நான் கல்லறைகளில் எழுதியிருந்ததையும் அகராதி வைத்து வாசித்து விளங்கப்படுத்தினேன், எழுதியிருப்பதை வாசிக்காமல் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இவ்வளவு பெரிய வளவுல ஒரு தென்னம்புள்ள இல்லியே" என்றார். கொஞ்ச நேரம் போக, "வீட்டுக்காரிய எங்ககா காணல்ல? இது ஆருக்குச் சீதனமாக் குடுத்த வீடு?" என்றார். பிரபுவின் மனைவி வீடாக இருக்கலாம் என்றேன். "அப்ப பொஞ்சாதி மௌத்தாகின உடனே அந்தாளு தாய் வீட்டுக்குப் போயிரிக்கணும். அங்கயே கிடந்தா இப்பிடித்தான்" என்றார் உம்மா. அந்தக் கதையில் எனக்கு விளங்காமல் இருந்த ஒரு பகுதி அதோடு விளங்கிவிட்டது.

நாட்கள் போயின. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிழவன் முக்காலியில் இருந்தான். நரைத்த தாடி, இடுப்பில் சாவிக் கொத்து. வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கிழவன் சொல்வதை நான் வாசித்தேன்: "இந்த வாசலை என்னிடம் தந்தவர் என்னை எழும்பச் சொல்லவில்லை."

"அவன் சொல்றதுல என்ன பிழை?" என்றார் வாப்பா.

நான் கோடரியை ஓங்கினேன்.

"நில்லு புள்ள. வெட்டாத. வேற வழியாப் போ."

வேறு வழி இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மச்சான் கடையிலிருந்து வந்துவிட்டார். முழு வீடும் தன்னுடைய கேமைச் சுற்றி இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார். வாப்பா என்னிடம் சொல்லி அனுப்பவில்லை, நேரே அவரைப் பார்த்தே கேட்டார்.

"மருமகன், இந்த மனுசன வெட்டாமப் போக ஏலாதா?"

"ஏலா மாமா. அவரு எழும்ப மாட்டாரு."

"ஏன் எழும்பணும்? அவரு பாட்டுக்கு இரிக்கட்டுமே. வீடு பெருசுதானே."

மச்சான் என்னைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். "ஓம் மாமா, இரிக்கட்டும். எனக்கு என்ன" என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தம் கேட்டது. வாப்பா எழுந்து போய்ச் சாய்மனைக் கதிரையைப் பின்வளவிலிருந்து தூக்கி வந்து வாசலில் போட்டார். ராத்தா மச்சானுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், உடுப்புகளும் பழையபடி ஒரே அடுக்கில் போயின. தான் எதற்குச் சம்மதித்தார் என்பது மச்சானுக்கு இன்றுவரை தெரியாது. அதை அவருக்குச் சொல்லும்படி யாரும் என்னை அனுப்பவில்லை.

இன்று காலையிலிருந்து வாப்பாவே விளையாடுகிறார். கிழவனை வெட்டாமல் உள்ளே போக ஒரு வழி இருக்கத்தான் வேண்டும் என்று கல்லறைகளைச் சுற்றித் தேடுகிறார். ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்த கையோடு நடு அறைக்குப் போய் மச்சானுக்கும் ராத்தாவுக்கும் நடுவில் கட்டிலில் உட்கார்ந்தார், இன்னும் வரவில்லை. மாமனும் மருமகனும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதை இந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. ஆகவே மாமா, நீங்கள் லீவு எடுக்க எந்தக் காரணமும் இல்லை. நிம்மதியாக வேலை செய்யுங்கள். உங்கள் அறையில் இருப்பவர்களுக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்கள் முதுகுக்கு ஆரோக்கியத்தையும், மேற்பார்வையாளருக்கு நல்ல குணத்தையும் தரட்டும்.

அன்பு மருமகள்,
முப்லிஹா

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் என்னைக் கேற்றடிக்குக் கூப்பிட்டார். ஒரு செய்தியை மரியாதையாகக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்றார். "மாமாவும் மாமியும் பின்வீட்டுக்கு எப்ப போறாங்க எண்டு கேட்டுச் சொல்லு. நான் கேட்டதாச் சொல்லாத." வாப்பா இன்னும் அவர்களுடைய கட்டிலில்தான் இருக்கிறார். நான் இன்னும் கேட்கவில்லை. மாமா, லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள்.