முதல் பீரியட் அப்நார்மல்

"அந்தப் பேப்பர எடுக்காதம்மா. உனக்கு அட்டெண்டன்ஸ் வராது" என்றார் கிருஷ்ணசாமி சார். திண்டிவனத்தில் அந்தக் கல்லூரியின் உளவியல் துறைக்கு அவர்தான் தலைவர்.

"ஏன் சார் வராது?"

"வகுப்பு எட்டரைக்கு. நீ வர்றது ஒன்பது இருபத்தஞ்சுக்கு."

இருதயசெல்வி கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். மூன்றாம் ஆண்டுக்கு என்னென்ன பாடம் படிக்கப் போகிறோம் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டாயப் பாடம் நான்கு. விருப்பப் பாடம் ஒன்று: பிறழ்நிலை உளவியல் அல்லது விளையாட்டு உளவியல். பிறழ்நிலை உளவியலை மாணவர்கள் 'அப்நார்மல்' என்பார்கள். அதைப் படிக்காமல் அவள் குறிவைத்திருந்த எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கவே முடியாது. படித்தாலும் வருகை எழுபத்தைந்து சதவீதம் வேண்டும்.

மற்ற வகுப்பெல்லாம் ஒன்பதரைக்குத்தான். இதை நடத்தும் அக்னஸ் மேடத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் பத்தரைக்கு வேலை. அதனால் எட்டரைக்கு எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முகையூரில் முதல் பஸ் ஏழு பத்துக்கு. விழுப்புரத்தில் இறங்கி, மாறி, இவள் கேட்டுக்குள் நுழையும்போது மேடத்தின் ஸ்கூட்டி வெளியே போய்க்கொண்டிருக்கும். அவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும்தான் இவளுக்குப் பழக்கம்.

பஸ்தான் பிரச்சினை என்றால் அதற்கு இவள் ஏற்கெனவே வழி செய்திருந்தாள். அவர்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் அவள். ரேஷன் கார்டிலிருந்து மல்லாட்டைக்குப் பயிர் இன்சூரன்ஸ் வரை தெருவுக்கே அவள்தான் எழுதிக் கொடுப்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை விழுப்புரத்தில் குறைதீர்க் கூட்டத்துக்குப் போய், முகையூர் பஸ்ஸை ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தாள். ஒரு ரசீது வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

"மேடம் கிட்ட நானே கேக்கட்டுமா சார்? சாயங்காலம் கடைசி பீரியடா மாத்தச் சொல்லி?"

"நேரா போய்க் கேக்கறதெல்லாம் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பேப்பர எடுக்கிற மத்த பதினோரு பேரும் சம்மதிச்சு கையெழுத்துப் போடட்டும். நான் மேல அனுப்பறேன்."

மேலே யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டாள். கடைசி பீரியட் நாலரைக்கு முடியும். ஆறு மணிக்கு விழுப்புரம். ஆறரைக்கு முகையூர் பஸ். அதை விட்டால் இரவு வேறு பஸ் கிடையாது, ஆனால் அதை விட வேண்டிய அவசியமே இல்லை. சரிதான்.

முதலில் கோட்டக்குப்பம் நாசியாவைப் பிடித்தாள்.

"சும்மா கையெழுத்துப் போட முடியாதுடீ" என்றாள் நாசியா. "எனக்கு ப்ராக்டிகலுக்கு சப்ஜெக்ட் கெடைக்கல. நீ வந்து உக்காரு, போடறேன்."

உளவியல் ப்ராக்டிகலில் தவளையை அறுப்பதில்லை. ஒரு மனுஷரை உட்காரவைத்துச் சோதிப்பார்கள். அவருக்குப் பெயர் 'சப்ஜெக்ட்'. வீட்டில் யாரும் வர மாட்டார்கள், தெருவில் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆகவே பன்னிரண்டு பேருக்கும் சப்ஜெக்ட் பஞ்சம்.

செய்தி பரவியது. அடுத்த நாள் பதினோரு பேரும் பதினோரு ரெகார்டு நோட்டோடு வரிசையில் நின்றார்கள்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைய வேண்டும். நாசியாவுக்கு வரைந்தபோது அது நசுங்கிய பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஐந்தாவது ஆளான அலெக்ஸுக்கு வரைந்தபோது நன்றாகவே வந்தது. பதினோராவது முறை கண்ணாடியையே பார்க்காமல் நான்கு விநாடியில் போட்டாள். நடுவில் மேஜை ஆடியதால் மனு ரசீதை நாலாக மடித்து அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதம் அதற்காவது உதவியது.

அப்புறம் கோபத்தை அளக்கும் கேள்வித்தாள். 'காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா?' நாசியாவிடம் 'இல்லை' என்றாள். நாலாவது ஆளிடம் 'எப்போதாவது' என்றாள். ஒன்பதாவது ஆளிடம் பேனாவைத் தூக்கி எறிந்தாள்.

பதினோரு கையெழுத்தும் வந்துவிட்டன. வியாழக்கிழமை காலை தாளைக் கொண்டுபோய் நீட்டினாள். கிருஷ்ணசாமி சார் அதை வாங்கவில்லை. அவர் முன்னால் பதினோரு ரெகார்டு நோட்டு விரிந்து கிடந்தது.

"எல்லாத்துலயும் சப்ஜெக்ட் பேரு இ.செ.ன்னு இருக்கு. நீதானா?"

"ஆமா சார்."

"மொத நோட்டுல நீ ரொம்ப மந்தம். அஞ்சாவதுல சராசரி. கடைசியில மேதை. கோபம் பூஜ்யத்துலேந்து நூறு வரைக்கும் போவுது. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரே ஆளுக்குள்ள பதினோரு பேர நான் பார்த்ததே இல்ல."

"சார், ஒரே டெஸ்ட்ட பதினோரு தரம் பண்ணா அப்பிடித்தான் வரும்."

"அதையே இப்ப கோபமா சொல்ற பாரு" என்று குறித்துக்கொண்டார். "இந்தக் கையெழுத்தும் செல்லாதும்மா. ஆளே நிதானத்துல இல்லன்னு ரெகார்டு சொல்லுது. நிதானத்துல இல்லாத ஆளு வாங்கினு வந்த கையெழுத்த நான் எப்பிடி மேல அனுப்பறது? மொதல்ல கவுன்சிலிங் போ. நம்ம அக்னஸ் மேடம்தான் பார்ப்பாங்க."

மேடத்தை நேரில் பார்க்க முறைப்படியே வழி கிடைத்ததில் அவளுக்கு முதல் முறையாக இந்தக் கல்லூரிமேல் லேசாக மரியாதை வந்தது. "எப்ப சார்?"

"நாளைக்குக் காலைல. எட்டு மணிக்கு."

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல ஒன்பது இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தாள். துறை வாசலில் கிருஷ்ணசாமி சார் நோட்டோடு நின்றிருந்தார். "கவுன்சிலிங்குக்கும் வரல. உதவிய ஏத்துக்க மாட்டேங்கறா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"என்னா பேஜாரு சார் இது? பஸ் இல்லன்னுதான கவுன்சிலிங்கு. அந்தக் கவுன்சிலிங்குக்கு வரவும் பஸ் இல்ல."

"பாரு, எதுக்கெடுத்தாலும் பஸ்ஸையே சொல்ற. அதுக்குத் தனியா ஒரு பேரு இருக்கு."

பெயரைத் தெரிந்துகொள்ள அவள் நிற்கவில்லை. திரும்பி கேட்டுக்கு ஓடி, அன்று கொஞ்சம் தாமதமாக வெளியே போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டியின் முன்னால் போய் நின்றாள். பிரேக் போட்ட மேடம் ஹெல்மெட்டைக் கழற்றினார். நடுத்தர வயது, சிரித்த முகம்.

"நீதான் அந்தப் பதினோரு பேரா?" என்றார். "சொல்லு, என்ன பிரச்சினை?"

"பஸ்ஸு மேடம். மொத பஸ்ஸே ஏழு பத்துக்குத்தான். உங்க வகுப்பு எட்டரைக்கு."

"அவ்ளோதானா? கடைசி பீரியட் வச்சிக்கினா வந்துருவியா?"

"வந்துருவேன் மேடம்."

அக்னஸ் மேடம் அங்கேயே நின்று முண்டியம்பாக்கத்துக்கு போன் போட்டார். கூட வேலை செய்கிறவருடன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். இரண்டே நிமிஷம். "இனிமே காலைல அங்க, சாயங்காலம் இங்க. ஆனா ஆறு மாசத்துக்குத் திரும்ப மாத்த முடியாது, பரவால்லியா?"

"மாத்தவே வேணாம் மேடம்."

மேடம் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் கிருஷ்ணசாமி சார் மறுபேச்சில்லாமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் 'ஒரே அமர்வில் நல்ல முன்னேற்றம்' என்றும் எழுதினார்.

சாயங்காலம் ஆறரை முகையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிவத்தின் நகலை மூன்றாவது முறையாகப் படித்தாள். வருகை நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கண்டாச்சிபுரம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. கண்டக்டர் தென்னரசு பக்கத்து சீட்டில் வந்து விழுந்தார். இரண்டு வருஷமாக அவருக்கு இவள் பெயர் 'காலேஜ்'.

"காலேஜ், திங்கக்கெழமலேந்து வண்டி டைம் மாறுது. காலைல ஆறு பத்துக்கே எடுக்கறோம்."

அவள் படிவத்தை மெதுவாக மடித்தாள். "சாயங்காலம்ணா?"

"அதுவும் ஒரு மணி நேரம் முன்னாடிதான். ஒரே வண்டி, ஒரே டூட்டி. விழுப்புரத்துல அஞ்சரைக்கு எடுத்துருவோம். அதுக்கப்புறம் கெடையாது."

"யாருண்ணா மாத்தச் சொன்னது?"

"எவளோ மனு குடுத்துருக்கா. பதினெட்டு வருஷமா இந்த ரூட்ல ஓடறேன், ஒரு மனுவுக்கும் ஒரு நட்டு அசைஞ்சதில்ல. இதுக்கு மட்டும் ஜல்தியா ஆர்டர் வந்துருச்சி." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "டி. இருதயசெல்வி, முகையூர். உங்க ஊருதான். நீதான் மனசப் பத்தியெல்லாம் படிக்கிறியே காலேஜ், அந்தப் புள்ளயப் பார்த்தா அவளுக்கு என்னதான் பிரச்சினைன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."