மூன்றாவது குளிசை

நிக்காஹுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது அன்ஸாரின் கண்கள் இரண்டும் வடியத் தொடங்கின.

கச்சான் காற்று புழுதியோடு வீசும் மாதங்களில் வருடா வருடம் வரும் ஒவ்வாமைதான். வேறு நாளென்றால் சாரத்தால் துடைத்துவிட்டு, மதுரங்குளியில் இருக்கும் தன் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பார். இன்று முடியாது. மாப்பிள்ளை ஃபாஹிம், ஆலங்குடாவில் வெள்ளைக்காரருக்குப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கப் படிப்பிப்பவன். "பட்டம் விடுறவனுக்கா என்ட மகள்?" என்று இரண்டு வருடம் குதித்தவர் அன்ஸார். அந்த இரண்டு வருடமும் மகள் ஸஹ்னா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மனம் மாறிச் சம்மதித்தார். மனம் மாறியதை மகளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று சபையில் சந்தோசமாக உட்கார்ந்து காட்டிவிடலாம் என்றிருந்தார்.

"இந்தக் கண்ணோட போனா, விருப்பமில்லாமக் குடுக்கிறார், அழுறார் எண்டுதான் செல்லுவாங்க," என்றார் மனைவியிடம்.

"மவுத்தத் தவிர எல்லாத்துக்கும் கருஞ்சீரகம் மருந்து," என்று அஸ்மியா எண்ணெயை எடுத்து அவர் மூக்கில் விட்டாள்.

அதற்கு மரணமே மேல் என்றிருந்தது. பதினாறு தும்மல். கண்கள் தக்காளிப் பழமாகின.

அஸ்மியாவின் தம்பி நளீம் ஒவ்வாமை மாத்திரை அட்டையோடு ஓடிவந்தான். "மச்சான், இந்தக் குளிசையப் போடுங்க. ஒண்டு போதும். நித்திர வரும், கவனம்."

கால் மணி நேரம் பார்த்தார். நிற்கவில்லை. இன்னொன்று போட்டார். மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், யாருக்கும் தெரியாமல் குளியலறைக்குள் போய் மூன்றாவதையும் விழுங்கினார்.

மருந்து பலித்தது. கண் காய்ந்தது. கூடவே நாக்கும் காய்ந்தது. இமைகள் சீமெந்து மூட்டையாய்க் கனத்தன.

"எத்தின போட்டீங்க?"

"ஒண்டுதான்."

நளீம் நம்பவில்லை. பால் விடாத கடும் பிளேன்டீயாக மூன்று கிளாஸ் ஊற்றினான். அது நித்திரையை விரட்டவில்லை, அன்ஸாரைத்தான் மூன்று தரம் குளியலறைக்கு விரட்டியது. சபை காத்திருந்தது.

ஒருவழியாக மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். பெண்கள் பக்கம் இருந்தவர்கள் வீடியோத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ட மகள் ஸஹ்னாவ..." என்று தொடங்கி, வாய் பிளந்து நீளமாய் ஒரு கொட்டாவி விட்டார். நளீம் பின்னாலிருந்து கிள்ளினான். "...உங்களுக்கு நிக்காஹ் செஞ்சி தந்தன்," என்று கடையில் சாமான் கட்டிக் கொடுப்பவரைப்போல முடித்தார்.

ஆனாலும் முகத்தில் ஒரு துளி ஈரமில்லை. அந்தமட்டில் அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டார்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. அஸ்மியா தேம்பினாள். மாப்பிள்ளையின் உம்மாவும் அழுதாள். அன்ஸார் விழுந்துவிடாமலிருக்கக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'வீணா உங்கள வதைச்சிட்டன் மகள், அவன் நல்ல புள்ள' என்று சொல்ல நெஞ்சு துடித்தது. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது.

"போய்ட்டு வாங்க மகள்," என்பது மட்டும் வந்தது.

ஸஹ்னா அவருடைய காய்ந்த கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நளீம் மாமா கூட அழுறார். இப்பவும் உங்களுக்கு விருப்பமில்லதானே வாப்பா? ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரல்லயே."